ஆறு ஆவர்த்தனமும் ஆறிப்போன கிரிட்ஸும்

மாமனாருக்கு ஒரு கொள்கை உண்டு. யாராச்சும் வாசிச்சிட்டு இருக்கும்போது வாயில எதையும் போடக்கூடாது. வெத்தலை பாக்கு கூட கிடையாது. கும்பகோணத்துக்காரர், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், அவங்க அப்பா நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராகத்த நேர்ல உக்காந்து கேட்டவர், அந்தக் கதைய எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து வருஷத்துக்கு மூணு தடவை கேட்டிருக்கேன். மார்கழில சென்னைக்கு வந்து தங்கினார்னா சபாவுல தாள வாத்தியங்க மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்ச உடனே கேன்டீனுக்கு எந்திரிச்சு ஓடுற கூட்டத்த திரும்பிப் பார்த்து முறைப்பார். மிருதங்கக்காரர் முகத்த விட்டுட்டு அவர் பார்க்கிற ஒரே விஷயம் அதுதான்.

இப்படிப்பட்ட மனுஷன அமெரிக்காவுல ஜாஸ் சங்கீதம் பொறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸுக்குக் கூட்டிட்டுப் போய் ஞாயித்துக்கிழமை ஜாஸ் பிரஞ்சுக்கு டேபிள் புக் பண்ணினது என் தப்புதான்.

நாங்க இருக்கிறது ஹூஸ்டன்ல. அங்கிருந்து ஐ-10 பிடிச்சா அஞ்சரை ஆறு மணி நேரம், நடுவுல அச்சாஃபலாயா சதுப்பு நிலத்து மேல 18 மைல் நீளத்துக்கு ஒரு பாலம் வரும், ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள மரம் நிக்கும், மாமா அத பார்த்துட்டு “பிச்சாவரம் மாதிரி இருக்கு மாப்ள” அப்படின்னாரு, அவ்வளவுதான், மத்தபடி வழி முழுக்க சிமென்ட் ரோடு. போன மார்ச்ல போனோம். வெயில் இன்னும் ஏறல, முற்றத்துல உக்காந்து சாப்பிட ஏத்த நேரம்.

முதல் நாள் ராத்திரி, ஊரோட பழைய பகுதியான பிரெஞ்ச் குவார்ட்டர்ல இருக்கிற ப்ரிசர்வேஷன் ஹால்ங்கிற ஜாஸ் அரங்கு. 1961-ல ஆரம்பிச்ச இடம், செயின்ட் பீட்டர் தெருவுல பார்க்க ஏதோ பழைய கிடங்கு மாதிரி இருக்கும், மர பெஞ்சு, தரையில குஷன், பாதி பேர் நின்னுட்டு கேக்கணும், வாசிக்கும்போது போட்டோ எடுக்கக்கூடாது. மாமாவுக்கு இது ரொம்பப் பிடிச்சிருச்சு. “இதுதான் மரியாதை”ன்னாரு. வெளிய வந்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். “நாளைக்கு காலைல ஜாஸ் பிரஞ்ச் போறோம் மாமா”ன்னு வாயை விட்டேன்.

“பிரெஞ்ச் குவார்ட்டர்லதான இருக்கோம், அப்புறம் என்ன தனியா ஒரு பிரெஞ்சு?”

பிரெஞ்ச் வேற பிரஞ்ச் வேற, பிரஞ்ச்னா காலை சாப்பாடும் மதிய சாப்பாடும் சேர்ந்ததுன்னு புரிய வைக்கவே ஹோட்டல் வரைக்கும் நடக்க வேண்டியதாப் போச்சு. புரிஞ்சதும் நின்னுட்டாரு. “அதாவது நாம சாப்பிடுவோம். அவங்க பக்கத்துல நின்னு வாசிப்பாங்க. அப்படித்தான?”

“ஆமா மாமா.”

“ஏன் மாப்ள, கல்யாண வீட்ல பந்தி நடக்கும்போது நாதஸ்வரத்த யாரும் கேக்க மாட்டேங்கிறானேன்னுதான நான் காலம் பூரா கத்திட்டு இருக்கேன்.”

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. என் மனைவி மட்டும், “அப்பா, கிரிட்ஸ்னு ஒண்ணு தருவாங்க, நம்ம ரவை உப்புமா மாதிரியே இருக்கும்”னு பேச்ச மாத்தினா. அவருக்கு உப்புமா பிடிக்கும்ங்கிறது ஊரறிஞ்ச விஷயம்.

அந்த ஊர்ல பிரஞ்ச்ங்கிறது டூரிஸ்டுக்காக நேத்து கண்டுபிடிச்சது இல்லங்கிறத மட்டும் சொல்லிடறேன். 19-ம் நூற்றாண்டு கடைசில பிரெஞ்ச் மார்க்கெட் பக்கத்துல மதாம் பெகே-ன்னு ஒரு அம்மா, ஜெர்மனில இருந்து வந்தவங்க, பதினோரு மணிக்கு ‘ரெண்டாவது காலை சாப்பாடு’ போட்டாங்க. சாப்பிட வந்தது யாருன்னா மார்க்கெட் கசாப்புக் கடைக்காரங்க, விடியறதுக்கு முன்னாடி வேலைய ஆரம்பிச்சு பத்து பத்தரைக்கு கடைய முடிச்சிட்டு கொலைப்பசில வர்ற ஆளுங்க. ஈரல், ஆம்லெட், ஒயின்னு மணிக்கணக்கா ஓடற சாப்பாடு. அப்புறம் வெளியூர்க்காரங்க மோப்பம் பிடிச்சு வந்து அந்த இடமே பெரிய பேரு வாங்கிருச்சு. அதோட ஜாஸ சேர்த்து ‘ஜாஸ் பிரஞ்ச்’னு இன்னைக்கு எல்லாரும் சொல்ற சமாச்சாரத்த 1970-கள்ல பிரபலமாக்கினது கமாண்டர்ஸ் பேலஸ்ங்கிற ஹோட்டல நடத்தின எல்லா பிரென்னன்ங்கிற அம்மாவோட குடும்பம். கார்டன் டிஸ்ட்ரிக்ட்ல கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்ல நீல நிறத்துல பளிச்சுன்னு நிக்கிற வீடு. அதுக்கப்புறம் ஊர்ல பாதி ஹோட்டல்ல ஞாயித்துக்கிழமைன்னா ஒரு மூணு பேர் டேபிள் டேபிளா சுத்தி வாசிக்கிறது வழக்கமாயிருச்சு.

நாங்க போனது கமாண்டர்ஸ் இல்ல, பிரெஞ்ச் குவார்ட்டர் உள்ள வேற ஒரு இடம். பேர் சொல்ல மாட்டேன், ஏன்னா கொஞ்சம் குறை சொல்லப்போறேன்.

உள்ள செங்கல் பாவின முற்றம், நடுவுல ஒரு பெரிய மரம், இரும்பு மேஜை நாற்காலி. உக்காந்த உடனே சிக்கரி காபி வந்துச்சு. மாமா ஒரு வாய் குடிச்சிட்டு என்னை பார்த்தாரு, நான் அவர பார்த்தேன், ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. கும்பகோணம் டிகிரி காபியில போடற அதே சிக்கரிதான். அங்க உள்நாட்டுப் போர் சமயத்துல காபிக்கொட்டை கிடைக்காம சிக்கரி கலக்கறது பரவி அப்புறம் அதுவே ருசியாகி விட முடியாம போச்சு. டபராவும் டம்ளரும் மட்டும்தான் இல்ல.

அதோட நல்ல விஷயம் முடிஞ்சுது. சைவம்னு சொன்னா அந்த ஊர்ல சர்வர்ங்க பாவமா ஒரு பார்வை பார்ப்பாங்க. மெனுல கம்போன்னு ஒரு கெட்டிக் குழம்பு இருந்துச்சு, அதுல வெண்டைக்காய் இருக்குன்னு தெரிஞ்சதும் மாமா முகம் மலர்ந்துச்சு (கம்போங்கிற பேரே மேற்கு ஆப்பிரிக்க பாஷைகள்ல வெண்டைக்காய்க்கு இருக்கிற பேர்ல இருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க), ஆனா உள்ள கோழியும் சாசேஜும். சரி, கீரை கம்போன்னு ஒண்ணு இருக்கே, ஏழெட்டு கீரை போட்டு லென்ட் நோன்பு சமயத்துல பண்றது, அது சைவமா இருக்கும்னு பார்த்தா அதுலயும் சாசேஜ். இந்த கீரை கம்போவுக்கே பேர் போன லியா சேஸ் அம்மாவோட பக்குவத்துலயும் அப்படித்தான், பேருக்குத்தான் கீரை. சிவப்பு காராமணி மாதிரி ஒரு பீன்ஸும் சோறும் தர்றாங்க, அதுல பன்னி எலும்பு. முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கிழமை சமைச்ச ஹாம்ல மிச்சமான எலும்ப திங்கக்கிழமை பீன்ஸோட அடுப்புல போட்டுட்டு துணி துவைக்கப் போயிடுவாங்களாம், அது பாட்டுக்கு வேகும், அதனால இன்னைக்கும் திங்கக்கிழமைன்னா அங்க ரெட் பீன்ஸ். அந்த ஊர்ல பொறந்த ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் லெட்டர் எழுதினா கடைசில ‘ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்’னுதான் கையெழுத்துப் போடுவாரு, அவ்வளவு பைத்தியம்.

சர்வர் ரொம்ப அக்கறையா, “சைவம்தான், நான் கியாரண்டி”ன்னு ஒரு கிண்ணம் கீரை கொண்டு வந்து வச்சாரு. மனைவி கரண்டியால கிளறினா. அடியில புகையில வாட்டின கறித்துண்டு நாலு. “ஓ, அது வாசனைக்கு மட்டும்தான், எடுத்துப் போட்டுடலாம்”னாரு அவரு. சண்டை போடல, திருப்பி அனுப்பிட்டோம், ஆனா பில்லுல அந்தக் கீரை இருந்துச்சு. அத எடுக்கச் சொல்லி கேக்க கூச்சப்பட்டு கட்டிட்டு வந்தேன், இன்னும் மனசுல இருக்கு.

கடைசில மாமாவுக்கு மிஞ்சினது: கிரிட்ஸ், பிஸ்கட், பழம். பிஸ்கட்னா நம்ம டீயில தொட்டுக்கிற பிஸ்கட் இல்ல, மோர் விட்டு பிசைஞ்சு சுட்ட மெத்து மெத்துன்னு ஒரு பன். கிரிட்ஸ்ங்கிறது வெள்ளைச் சோள ரவை, மக்காச்சோளம்தான், பாலும் வெண்ணெயும் விட்டு கிண்டிக் கிண்டி இறக்கறது, தாளிப்பு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது, ஒரு பச்சை மிளகாய்க்கு மனசு ஏங்கும். எனக்கு அதுக்கு மேல இறால் போட்டு வந்துச்சு, அருமை, அத பத்தி தனியாவே ஒரு பதிவு எழுதலாம். மாமா ஒரு ஸ்பூன் எடுத்தாரு. அப்பத்தான் அவங்க வந்தாங்க.

மூணு பேர். ட்ரம்பெட், பாஞ்சோன்னு ஒரு தந்தி வாத்தியம், ஆள் உயரத்துக்கு பாஸ்னு இன்னொரு தந்தி வாத்தியம். ட்ரம்ஸ் கிடையாது. மூணு பேருக்கும் அறுபது வயசுக்கு மேல இருக்கும், வெள்ளைச் சட்டை, கருப்பு டை. ரெண்டு டேபிள் தள்ளி ஒரு பிறந்தநாள் கூட்டத்துக்கு வாசிக்க ஆரம்பிச்சாங்க. மாமா ஸ்பூனை கீழ வச்சிட்டாரு. கொள்கை.

“சாப்பிடுங்கப்பா, ஆறிடும்.”

“முடியட்டும்மா.”

அது எங்க முடியறது, ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. பிறந்தநாள் கூட்டம் ‘செயின்ட்ஸ்’ங்கிற ரொம்பப் பிரபலமான பாட்ட கேட்டாங்க, அடுத்த டேபிளும் ‘செயின்ட்ஸ்’ கேட்டாங்க. ட்ரம்பெட்காரர் சிரிச்சிட்டே ரெண்டாவது தடவையும் வாசிச்சாரு, ஆனா அந்த சிரிப்பு எனக்குத் தெரியும், கச்சேரியில பதம் பாடி முடிச்ச பிறகும் ஒரே பாட்ட சீட்டு எழுதி அனுப்பினா வித்வான் சிரிப்பாங்களே அது. நேர்மையா சொன்னா ஜாஸ் பிரஞ்சுல பாதி இப்படித்தான், போட்டோவுக்கு போஸ், அஞ்சு டாலர் டிப்ஸ், அதே நாலு பாட்டு. மாமா சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல.

அதுக்குள்ள பக்கத்து டேபிள்ல பனானாஸ் ஃபாஸ்டர் வந்துச்சு, வாழைப்பழத்த வெண்ணெயிலயும் சர்க்கரையிலயும் வதக்கி ரம் ஊத்தி கண்ணு முன்னாடியே கொளுத்தறது, 1951-ல அதே ஊர்ல பிரென்னன்ஸ் ஹோட்டல்ல கண்டுபிடிச்ச ஐட்டம். குப்புன்னு தீ எழும்பின உடனே மாமாவோட ரெண்டு கையும் தன்னால முன்னாடி நீண்டுச்சு, ஒத்திக்கிறதுக்கு. பாதில நிறுத்திட்டு கண்ணாடிய சரி பண்ற மாதிரி பாவனை. மனைவியும் நானும் பார்க்காத மாதிரி இருந்துட்டோம்.

அப்புறம் ட்ரம்பெட்காரர் ஒரு காரியம் பண்ணினாரு. பின் பாக்கெட்ல இருந்து ஒரு ரப்பர் கிண்ணத்த எடுத்து ட்ரம்பெட் வாய்ல வச்சு மூடி மூடித் திறந்தாரு, வாத்தியம் பேச ஆரம்பிச்சிருச்சு, வா வான்னு, குழந்தை அழற மாதிரி, யாரோ முணுமுணுக்கிற மாதிரி. மாமா கண்ண சுருக்கி பார்த்துட்டு என் காதுல மெதுவா, “மாப்ள, அது பாத்ரூம் அடைப்பு எடுக்கிறதுதான?”

அதேதான். கட்டைய கழட்டிட்டு ரப்பர மட்டும் வச்சுப்பாங்க, கடையில வாங்கினதுதான். ஆம்ஸ்ட்ராங்கோட குரு கிங் ஆலிவர் இப்படி கப்பு, கிளாஸ், வாளின்னு கையில கிடைச்சதையெல்லாம் வச்சு அடைச்சு வாசிச்சு பேர் வாங்கினவரு. குருன்னு நான் சொன்னதும் மாமா கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்தாரு. 1922-ல ஆம்ஸ்ட்ராங்குக்கு 21 வயசு, ஆலிவர் சிகாகோவுக்கு வான்னு கூப்பிட்டு தன் பக்கத்துல உக்கார வச்சு வாசிக்க விட்டாரு, அதுல இருந்துதான் எல்லாம். “அப்ப பாட்டு பரம்பரைதான்”னாரு.

நானும் சும்மா இல்லாம எனக்குத் தெரிஞ்சத எடுத்து விட்டேன். இந்த சங்கீதம் பொறந்ததே சபாவுல இல்ல மாமா, டான்ஸ் ஆடற இடம், சாராயக் கடை, பிக்னிக், சாவு ஊர்வலம், இங்கதான். சாவு வீட்ல இருந்து கல்லறை வரைக்கும் மெதுவா அழுகைப் பாட்டு வாசிச்சிட்டே நடப்பாங்க, அடக்கம் ஆனதும் திரும்பி வரும்போது வேகம் எடுக்கும், தெருவே ஆடிட்டு பின்னால வரும், பின்னால வர்ற அந்த கூட்டத்துக்குத்தான் செகண்ட் லைன்னு பேரு. மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், “நம்ம ஊர்ல பறை அடிச்சிட்டுப் போறவங்கள சாமி ஊர்வலத்துக்கு முன்னாடி வாசிக்கிறவங்களோட யாரும் சேர்த்து வைக்கல. இங்க ஒரே ஆளே ரெண்டும் வாசிச்சிருக்கான்.” அவர் வாய்ல இருந்து இது வரும்னு நான் நினைக்கல. அவர் தெருவுல அந்தக் காலத்துல பறை சத்தம் வந்தா ஜன்னல சாத்துவாங்கன்னு மனைவி சொல்லி கேட்டிருக்கேன்.

அந்த நேரம் பார்த்து மூணு பேரும் எங்க டேபிளுக்கு வந்துட்டாங்க. “என்ன வாசிக்கட்டும்?”னு கேட்டாரு பாஞ்சோக்காரர். எனக்கு பயம், ‘செயின்ட்ஸ்’தான் வாய்ல வந்துச்சு, அடக்கிட்டு, “உங்களுக்கு எது பிடிக்குமோ அது”ன்னேன். மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ப்ளூஸ்ங்கிற பாட்டு வகையில ஒண்ணு எடுத்தாங்க, நிதானமான நடை, அவசரமே இல்ல.

மாமா கை தொடைக்குப் போயிருச்சு. தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம், ஒரு ஆவர்த்தனத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதல் சுத்து முகத்துல குழப்பம், ரெண்டாவது சுத்துல உதடு அசையுது, எண்றாரு. பாஸ் வாசிக்கிறவர் கைய விட்டு கண்ண எடுக்கல. மூணாவது சுத்து முடிஞ்சதும் என் பக்கம் குனிஞ்சு, “ஆறு ஆவர்த்தனம் மாப்ள. சரியா ஆறு. ஆறு முடிஞ்சா திரும்ப எடுத்த எடத்துக்கு வந்துடறாங்க.”

இத நான் பத்து வருஷமா கேக்கறேன், ஜாஸ் பத்தி யூட்யூப்ல மணிக்கணக்கா பார்த்திருக்கேன், பன்னெண்டு பார் ப்ளூஸ்னு எல்லாரும் சொல்லுவாங்க, பாருக்கு நாலு எண்ணிக்கை, பன்னெண்டு நாலு நாப்பத்தெட்டு, ஆறெட்டு நாப்பத்தெட்டு. எனக்கு ஒரு நாளும் தோணல. மனுஷன் மூணு சுத்துல பிடிச்சிட்டாரு.

“ஆனா மூணாவது ஆவர்த்தனம் வந்தா கீழ ஆதாரமே நகர்ந்துடுது. தம்புராவ யாரோ தூக்கி வேற எடத்துல வச்ச மாதிரி. நாலாவதுல திரும்ப பழைய எடம். அஞ்சாவதுல இன்னொரு எடம். எப்படி இவங்களுக்கு தலை சுத்தல?”

அதுதான் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம், மாறுறது. அஞ்சாவது பார், ஏழாவது பார், ஒன்பதாவது பார். எந்தப் புஸ்தகமும் படிக்காம, ஒரு ஸ்பூன் கிரிட்ஸ் மட்டும் உள்ள போன வயித்தோட சொல்லிட்டாரு.

நடைதான் (ஒரு எண்ணிக்கைய நாலாப் பிரிச்சா சதுஸ்ரம், மூணாப் பிரிச்சா திஸ்ரம்) அவருக்கு அடங்கல. “சதுஸ்ரம் இல்ல. திஸ்ரம்னு சொல்லலாம், நடு அட்சரத்த முழுங்கிட்டு தகிட-ல முதலும் கடைசியும் மட்டும் சொல்ற மாதிரி, ஆனா முழுசா திஸ்ரமும் இல்ல, வழுக்குது.” ஜாஸோட இந்த நடைக்கு ஸ்விங்னு பேரு, அப்படின்னா என்னன்னு கேட்டா இனிமே இதத்தான் சொல்லப் போறேன். சுத்தி இருந்த டேபிள்காரங்க ரெண்டாவது எண்ணிக்கையிலயும் நாலாவதுலயும் கை தட்டறாங்க, மாமா ஒண்ணுல தட்டறாரு, அந்த முற்றத்துல அவர் ஒருத்தர்தான் தப்பா தட்டின ஆள், அவர் கண்ணுக்கு மத்த எல்லாரும் வீச்சுல தட்டற அசடுங்க.

பாஞ்சோக்காரர் இத கவனிச்சிட்டாரு. மாமாவோட விரலையே பார்த்துட்டு வாசிக்க ஆரம்பிச்சாரு. அப்புறம் ட்ரம்பெட் நாலு பார், பாஞ்சோ நாலு பார், திரும்ப ட்ரம்பெட் நாலு, பாஞ்சோ நாலு, ஒருத்தர் கேள்வி மாதிரி விட்டா இன்னொருத்தர் அத திருப்பி மடக்கறாரு, அடுத்து ரெண்டு ரெண்டாக் குறைச்சாங்க. “குறைப்பு! குறைப்பு வைக்கிறான் பாரு!” மாமா சத்தமாவே சொல்லிட்டாரு, மிருதங்கமும் கடமும் தனியில பண்ணுமே அதே. கடைசி சுத்து. ஆறாவது ஆவர்த்தனத்தோட கடைசி வீச்சு முடிஞ்சு கை கீழ விழவும் மூணு பேரும் சேர்ந்து டக்குன்னு நிறுத்தவும் சரியா இருந்துச்சு. பாஞ்சோக்காரர் தந்தி மீட்டற பிக்கை மாமா பக்கம் நீட்டிக் காட்டினாரு, நீங்கதான்னு. மாமா எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு.

நான் பர்ஸ எடுக்கறதுக்குள்ள அவரே சட்டைப் பையில இருந்து இருபது டாலர எடுத்து, டப்பாவுல போடாம, ரெண்டு கையாலயும் ட்ரம்பெட்காரர் கையில கொடுத்தாரு.

அவங்க போன பிறகு பிரெட் புட்டிங் சொன்னோம். முட்டை இருக்கும்பான்னு மனைவி சொன்னா. கேக்ல இருக்கிற முட்டை கணக்குல வராதுங்கிறது அவரோட இன்னொரு கொள்கை, அது இதுக்கும் பொருந்தும்னுட்டாரு. கிரிட்ஸ் கிண்ணம் மட்டும் அப்படியே இருந்துச்சு, மேல ஏடு படிஞ்சு, ஸ்பூன் செங்குத்தா நின்னுச்சு. வீணாக்கக்கூடாதுன்னு டப்பாவுல கட்டி வாங்கிட்டாரு.

போற வழில காங்கோ ஸ்கொயர் பார்த்துட்டுப் போனோம், ஆம்ஸ்ட்ராங் பார்க்குக்குள்ள இருக்கு. அடிமைகளா கொண்டு வந்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு நாள் லீவு, அன்னைக்கு அவங்க கூடி கொட்டு அடிச்சு ஆடின மைதானம், 1817-ல முனிசிபாலிட்டி சட்டம் போட்டு இங்க மட்டும்தான் கூடலாம்னுடுச்சு. பாஞ்சோவோட மூதாதை கூட அவங்க ஆப்பிரிக்காவுல இருந்து நினைப்புல கொண்டு வந்ததுதான். இப்ப கல்லு பாவின வட்டம், பெரிய ஓக் மரங்க, அவ்வளவுதான், அன்னைக்கு நாங்க போனப்ப ஆளே இல்ல. மாமா செருப்ப கழட்டிட்டு ஒரு சுத்து நடந்தாரு. ஏன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.

திரும்பி வரும்போது அந்த 18 மைல் பாலத்துல, ஸ்லாபுக்கு ஸ்லாபு டயர் தட்டற சத்தம் வரும், டடக் டடக்னு. பின் சீட்ல ஏதோ பிரிக்கிற சத்தம் கேட்டு கண்ணாடில பார்த்தேன். கட்டிப்போன கிரிட்ஸ பொங்கல் மாதிரி துண்டு போட்டு, ஹூஸ்டன்ல இருந்து பையில கொண்டு வந்த மாவடு ஊறுகாயோட மாமா சாப்பிட்டுட்டு இருக்காரு.

“நல்லா இருக்கா மாமா?”

“பேசாதீங்க மாப்ள, எண்ணிட்டு இருக்கேன்.”